ஆர்டர் எண் இல்லாத விளம்பரம்

தாம்பரம்,
9.6.2008

அன்புள்ள அண்ணனுக்கு,

செல்வி வணக்கத்துடன் எழுதுவது. நானும் அவரும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் மதினியும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பாவுக்கு மறதி கூடிக்கொண்டே போகிறது என்று தை மாதம் எழுதியிருந்தீர்கள். அதற்குப் பின் வந்த இரண்டு கடிதங்களிலும் "அப்பா நலம்" என்று இரண்டே வார்த்தைகள். மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?

ஒரு புதுச் செய்தி. உங்கள் ரேடியோ கம்பெனியின் வேலை ஒன்று எங்கள் ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து என் மேசைக்கே வந்துவிட்டது. நான் கேட்டு வாங்கவில்லை. நெல்லை, தூத்துக்குடி, மதுரை என்று உங்கள் மூன்று நிலையங்களுக்கும் சேர்த்து, விளம்பர அட்டவணை போடவும் பில் போடவும் ஒரு சாஃப்ட்வேர் வாங்கப் போகிறார்கள். பாதிப் பங்கு வாங்கியிருக்கிற சென்னைக்காரர்களின் ஏற்பாடு. எதை வாங்கலாம் என்று பார்த்துச் சொல்ல வேண்டியவள் நான். ரேடியோவில் இந்த வேலைக்கு டிராஃபிக் என்று பெயராம். முதல் நாள் கூட்டத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"இப்போது எல்லாம் கோவில்பட்டி ஆபீசில் எக்செல் ஷீட்டில் நடக்கிறது. கடற்கரை என்று ஒருத்தர் பார்க்கிறார்" என்றார் அந்தச் சென்னைக்காரர்களின் பொது மேலாளர் பரமசிவன். அந்தக் கடற்கரை என் அண்ணன் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் வேலையை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவார்கள். அதனால் ஆபீஸ் மெயிலில் என் பெயருக்கு எதுவும் எழுத வேண்டாம். போனும் வேண்டாம். என் கல்யாணத்துக்குப் பின் வீட்டு முகவரிக்கு எழுதக் கூடாது என்று ஆனதிலிருந்து உங்கள் ஆபீசுக்குத்தானே எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்படியே இருக்கட்டும்.

ஒரு விளம்பரம் உங்கள் கைக்கு வந்ததிலிருந்து பில் போகும் வரை என்னென்ன நடக்கிறது என்று எனக்குப் பாடம் நடத்துவதுபோல் எழுத முடியுமா?

அப்பா என் பேரை எடுக்கிறாரா? எல்லாக் கடிதத்திலும் கேட்பதுதான். பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

அன்புத் தங்கை,
முத்துசெல்வி


கோவில்பட்டி,
17.6.2008

அன்புத் தங்கை செல்விக்கு,

அண்ணன் கடற்கரை ஆசீர்வாதம். இங்கு நானும் உன் மதினி வள்ளித்தாயும் நலம். அப்பா நலம். மேல்காற்று இந்த வருஷம் ஆள் நடக்க முடியாதபடி அடிக்கிறது. ஆபீஸ் ஜன்னலைத் திறந்தால் மேசை முழுக்கக் கரிசல் மண்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீ எம்.சி.ஏ. முடித்த அன்றுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் இல்லை. என் வேலையை என் தங்கச்சி கேட்கிறாள்.

எங்கள் முதலாளி ஜெயகிருஷ்ணன் அண்ணாச்சி தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தபோது நான் அங்கே பேரேடு எழுதியவன். அவர் ரேடியோ லைசென்ஸ் எடுத்ததும், "கடற்கர, நீதாம்ல இதயும் பாக்கணும்" என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார். நானும் டைப் அடிக்கிற இசக்கிசெல்வியும், வசூலுக்குப் போகிற கண்ணுசாமியும், ஆக மூன்று பேர்.

விளம்பரம் வந்ததும் முதலில் ஆர்டர். ஜவுளிக் கடையோ ஏஜென்சியோ ஃபேக்ஸில் அனுப்பும். எந்த நிலையம், எத்தனை விநாடி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எந்தத் தேதி வரை. அதற்கு நான் ஓர் எண் கொடுப்பேன். ஆர்டர் எண் இல்லாமல் எந்த விளம்பரமும் போகக் கூடாது என்பது விதி. பிறகு மறுநாளுக்கான அட்டவணையை வரைவேன். ஒரு மணி நேரத்தில் நாலு இடைவெளி. ஒவ்வோர் இடைவெளியிலும் யார் முன்னால், யார் பின்னால் என்று அடுக்கி, சாயங்காலம் மூன்று நிலையங்களுக்கும் பட்டியல் அனுப்புவேன். பட்டியலில் உள்ளதை அவர்கள் கம்ப்யூட்டர் அப்படியே ஒலிபரப்பும். மாதம் முடிந்ததும், எது ஓடியது, கரண்ட் போனதில் எது விட்டுப்போனது என்று பார்த்து, விட்டதற்கு மாற்று நேரம் கொடுத்து, பில் போட வேண்டும். மாதக் கடைசி இரண்டு நாள் நான் வீட்டில் மனுஷனாக இருக்க மாட்டேன். மதினியைக் கேள்.

இன்னும் வேண்டுமானால் கேள். எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுகிறேன்.

அன்புடன்,
கடற்கரை


தாம்பரம்,
30.6.2008

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. இங்கு நலம். உங்கள் முழங்கால் வலியைப் பற்றி எழுதவே இல்லையே?

நீங்கள் எழுதியதை வைத்துத் தேவைப் பட்டியல் தயார் செய்தேன். பரமசிவன் சார், "இவ்வளவு விவரம் யார் கொடுத்தாங்க?" என்று கேட்டார். புத்தகத்தில் படித்தேன் என்று சொன்னேன்.

இரண்டு பாக்கேஜ்கள் மிஞ்சியிருக்கின்றன. ஒன்று கோயம்புத்தூர்க்காரர்கள் செய்தது. உங்கள் எக்செல் ஷீட்டைக் கொஞ்சம் அழகாக்கியதுபோல் இருக்கும். உங்கள் ஆபீசிலேயே போட்டுக்கொள்ளலாம், தமிழில் பெயர் அடிக்கலாம். இன்னொன்று மும்பைக் கம்பெனியுடையது. விலை நாலு மடங்கு. ஆனால் ஆர்டரையும், நிஜமாக ஓடியதையும் அதுவே ஒப்பிட்டுப் பார்த்துவிடும். மூன்று பேர் செய்வதை ஒருவர் செய்யலாம் என்கிறார்கள்.

இரண்டையும் உங்கள் நிஜ விவரங்களை வைத்தே ஓட்டிப் பார்க்க வேண்டும். மார்ச் முதல் மே வரை ஆர்டர்களையும், நிலையங்களில் ஓடியதன் பதிவையும் அனுப்பச் சொல்லி ஆபீஸ் மூலமாக மெயில் வரும். அனுப்பிவிடுங்கள்.

சோதனைக்காக ஒன்று கேட்கிறேன்: எந்த மெஷினுக்கும் தெரியாமல் உங்கள் தலையில் மட்டும் இருக்கிற விஷயங்கள் என்னென்ன?

அன்புத் தங்கை,
முத்துசெல்வி


கோவில்பட்டி,
14.7.2008

அன்புத் தங்கை செல்விக்கு,

ஆசீர்வாதம். மதினி நலம். முழங்கால் பரவாயில்லை. அப்பா நலம், தூங்குகிறார்.

என் தலையில் மட்டும் இருப்பதைக் கேட்டாய். சிரித்துவிட்டேன். சரி, எழுதிக்கொள்.

புதூர்ப் பக்கம் பருத்தி விதைக் கடை இரண்டு. அண்ணன் தம்பி கடைகள். பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு விளம்பரத்துக்குப் பின்னால் இன்னொன்று வந்தால் இரண்டு பேருமே ஆர்டரை நிறுத்திவிடுவார்கள். இடையில் சோப்பு விளம்பரமாவது இருக்க வேண்டும். எட்டயபுரத்தில் ஒரு பாத்திரக் கடைக்காரர், தன் விளம்பரத்தைக் காலை ஏழு பன்னிரண்டுக்குக் கேட்டுவிட்டுத்தான் கடைச் சாவியை எடுப்பார். ஏழு இருபதுக்குப் போனால் எனக்குப் போன் வரும்: "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு நம்மள மறந்துட்டியளோ?" நகைக்கடைக்குப் பக்கத்தில் அடகுக்கடை விளம்பரம் போடக் கூடாது. நினைவஞ்சலி அறிவிப்பைச் சிரிப்பு நிகழ்ச்சிக்கு முன்னால் போடக் கூடாது. இதை எந்த ஆர்டரிலும் யாரும் எழுத மாட்டார்கள்.

ஆர்டர் விவரம் முழுவதையும் அனுப்பிவிட்டேன். நிலையத்தில் ஓடியதன் பதிவு எதற்கு? அதில் வேண்டாத குப்பையெல்லாம் இருக்கும். சோதனைக்குப் போட்டது, நேரம் நிரப்பப் போட்டது என்று. நான் அனுப்பிய பட்டியலே போதும் என்று நினைக்கிறேன். அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன். மூன்று பேர் வேலையை ஒருவர் செய்யலாம் என்று எழுதியிருந்தாய். அந்த ஒருவர் எந்த ஊரில் உட்கார்ந்திருப்பார்?

அன்புடன்,
கடற்கரை


தாம்பரம்,
4.8.2008

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இங்கு நலம். பத்து நாளாக ஆபீசே கதி. பதில் தாமதமானதற்குக் கோபிக்க வேண்டாம்.

பருத்திவிதைச் சகோதரர்களை இரண்டு பாக்கேஜிலும் விதியாக எழுதிப் பார்த்தேன். மும்பைக்காரர்களுடையது ஏற்றுக்கொண்டது. கோயம்புத்தூர்க்காரர்களுடையது தடுமாறியது. பாத்திரக் கடைக்காரரை இரண்டுமே ஏற்றுக்கொண்டன.

நிலையங்களின் பதிவு நேராகவே இங்கு வந்துவிட்டது, ஒலிக்கோப்புகளோடு. பரமசிவன் சாரே கேட்டு வாங்கினார். அதில் ஒரு சந்தேகம். "சோலை-30" என்று ஒரு முப்பது விநாடி விளம்பரம் மார்ச் எட்டாம் தேதியிலிருந்து தினமும் காலை 6.52க்கும் மாலை 5.40க்கும் மூன்று நிலையங்களிலும் ஓடியிருக்கிறது. ஆர்டர் எண் இல்லை. எந்த வாடிக்கையாளர் இது? எண் மட்டும் சொன்னால் சேர்த்துவிடுகிறேன். இல்லையென்றால் அடுத்த வாரம் மும்பைக்காரர்கள் எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்டும்போது இது பிழையாகத் தெரியும். உங்களுக்குத்தான் கெட்ட பெயர். உடனே எழுதுங்கள்.

அப்பா பெயரை வைத்து ஒரு கடை இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டேன். அப்பா நன்றாகச் சாப்பிடுகிறாரா?

அன்புத் தங்கை,
முத்துசெல்வி


கோவில்பட்டி,
8.8.2008

அன்புத் தங்கை செல்விக்கு,

ஆசீர்வாதம். அனைவரும் நலம்.

சோலை-30 என்பது சோதனைக் கோப்பு. மூன்று நிலையத்திலும் ஒலி அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வைத்தது. எடுக்க மறந்துவிட்டேன். அதை அந்தப் பதிவிலிருந்து நீக்கிவிடு. ஒலியைத் திறந்து கேட்க வேண்டியதில்லை, உனக்கு வேலை நிறைய இருக்கும்.

கோயம்புத்தூர்க்காரர்களுடையதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. விலையும் குறைவு.

அன்புடன்,
கடற்கரை


தாம்பரம்,
29.8.2008

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் வந்தது. கூட்டம் அன்று காலையிலேயே முடிந்துவிட்டது.

இரண்டு வாரமாகப் போனை எடுத்தும் உங்கள் எண்ணை அழுத்த முடியவில்லை. நடந்ததை எழுதுகிறேன். கான்ஃபரன்ஸ் அறையில் பதினொரு பேர். மும்பைக் கம்பெனிக்காரன் திரையில் மூன்று மாத விவரத்தையும் ஓட்டினான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. சிவப்பில் ஒரே ஒரு வரி வந்தது. "பாருங்க சார், ஆர்டரே இல்லாம எண்பத்தஞ்சு நாள் ஓடியிருக்கு. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, மூணு ஸ்டேஷன். உங்க ஆளுங்க யாரும் கண்டுபிடிக்கல. எங்க சாஃப்ட்வேர் கண்டுபிடிச்சிருச்சு" என்றான். பரமசிவன் சார், "யாரோட விளம்பரம்? போடுங்க, கேப்போம்" என்றார்.

உங்கள் குரல். அறையில் பெரிய ஸ்பீக்கர்.

"காணவில்லை. பெயர் சோலைச்சாமி, வயது எழுபத்துநான்கு. பசுவந்தனை அருகே ஆடு மேய்த்தவர். நினைவு தடுமாறும். வலது கையில் முத்துமாரி என்று பச்சை குத்தியிருப்பார். ஆட்டு மந்தையைக் கண்டால் பின்னாலேயே நடப்பார். பார்ப்பவர்கள் ஒரு வாய் சோறு கொடுத்து, உட்கார வைத்து, இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள்."

அதற்குப் பின் உங்கள் செல் எண்.

யாரோ சிரித்தார். அப்பாவைப் பார்த்து இல்லை, "பின்னாலேயே நடப்பார்" என்றதைக் கேட்டு. பரமசிவன் சார் என்னைப் பார்த்து, "இது நிஜமாவே ஆர்டர் இல்லாம ஓடினதுதானா? நீங்க சரிபாத்தீங்களா?" என்று கேட்டார். நான் திரையில் அந்தச் சிவப்பு வரியைப் பார்த்தேன். பிறகு சொன்னேன்: "சரியாத்தான் சார் இருக்கு."

அதைச் சொன்னது நான்தான், அண்ணா. அன்று மத்தியானமே மும்பை பாக்கேஜ்தான் என்று முடிவாகிவிட்டது. பரிந்துரைத் தாளில் என் கையெழுத்து.

நீங்கள் ஜூலையில் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். அந்த ஒருவர் சென்னையில்தான் உட்காருவார். ஜூன் மாதமே எனக்குத் தெரியும். உங்களிடம் மறைத்தேன்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். அப்பா எங்கே?

செல்வி


கோவில்பட்டி,
20.9.2008

செல்விக்கு,

மூன்று வாரமாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

அப்பா பிப்ரவரி 29 வெள்ளிக்கிழமை வீட்டைவிட்டுப் போனார். மதினி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் ஆபீசில். மாதக் கடைசி, பில் போகிற நாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்து பார்த்தால் இல்லை. பஸ் ஸ்டாண்ட், கழுகுமலைக் கோவில், சந்தை, பசுவந்தனையில் நம் பழைய காடு என்று எல்லா இடமும் தேடினேன். போலீசில் எழுதிக் கொடுத்தேன். எட்டாம் நாள் அந்த அறிவிப்பை நானே பேசிப் பதிந்து பட்டியலில் சேர்த்தேன். விற்காத நேரம்தான், யாருடைய நேரத்தையும் எடுக்கவில்லை. முதலாளியிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் ஒரு வாரம் போட்டுக்கொள் என்பார். ஒரு வாரத்தில் நிறுத்த என்னால் முடியாது என்று கேட்கவில்லை.

மொத்தம் பதினாறு பேர் கூப்பிட்டார்கள். விளாத்திகுளம், சங்கரன்கோவில், புதூர், ஒட்டப்பிடாரம். ஒரு பொம்பளை, "ஆட்டுக்குப் பின்னால ஒருத்தர் போறாரு, சோறு குடுத்து ஒக்கார வச்சிருக்கேன், வெரசா வாங்க" என்றாள். அரை நாள் லீவு போட்டுப் போனேன். வேறு யாருடைய அப்பாவோ. நான் அவர் மகன் இல்லை என்று சொன்னதும் அந்த மனுஷன் அழுதுவிட்டார். பதினாறு இடத்திலும் இப்படித்தான்.

உன்னிடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்காதே. பேரை எடுக்கிறாரா என்று ஏழு வருஷமாகக் கேட்டாயே. கடைசி ஆறு மாதம் அவர் வேறு பேரையே எடுக்கவில்லை. சண்டை போட்டதெல்லாம் மறந்துபோய்விட்டது. உனக்குக் கல்யாணம் ஆனதுகூட. "ஏலே, அந்தப் பிள்ள அங்கன ஒத்தையில கெடக்கா, நா போய்க் கூட்டிட்டு வாரேன்" என்று தினமும் சட்டையை மாட்டுவார். இதை உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதினால் நீ வந்துவிடுவாய், வந்து அவருக்கு மறுபடி நினைவு திரும்பி உன்னை விரட்டிவிட்டால் என்ன செய்வது என்று தள்ளிப்போட்டேன்.

செப்டம்பர் ஒன்றாம் தேதி என்னை வேலையைவிட்டு எடுத்துவிட்டார்கள். ஜெயகிருஷ்ணன் அண்ணாச்சி முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா கடற்கர? இப்பம் மெட்ராஸ்காரவிய கேக்காவ. நா என்னத்தச் சொல்ல?" என்றார். இசக்கிசெல்விக்கும் கண்ணுசாமிக்கும் டிசம்பர் வரைதான். அதுவரை ஆபீசுக்கு வருகிற உன் கடிதங்களை இசக்கிசெல்வி கொண்டுவந்து தருவாள். நீ வருத்தப்படாதே. நீ சொல்லாவிட்டாலும் அந்தச் சிவப்பு வரி அங்கேதான் இருந்திருக்கும்.

அறிவிப்பு அன்றோடு நின்றுவிட்டது.

கடற்கரை


தாம்பரம்,
3.11.2008

அண்ணனுக்கு,

இதை உட்கார்ந்து படியுங்கள். மதினியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் வந்ததும் பரமசிவன் சாரிடம் போய், "அந்த அறிவிப்பில் இருப்பவர் என் அப்பா, என்னைத் தேடிக் கிளம்பியவர்" என்று சொல்லிவிட்டேன். பணம் கட்டி முறையாக ஓர் ஆர்டர் கொடுக்கிறேன் என்றேன். அவர் திட்டவில்லை. "போட்டுக்கலாம்மா. ஆனா உங்கப்பா சென்னைக்குத்தான வந்திருப்பாரு? நம்ம ஸ்டேஷன் எதுவும் மதுரைக்கு இந்தப் பக்கம் கேக்காதே" என்றார். எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை.

என் வீட்டுக்காரரும் நானும் சனி ஞாயிறுகளில் விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு என்று ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனாகப் போனோம். என்னிடம் இருந்தது அம்மா இறந்த அன்று எடுத்த போட்டோ ஒன்றுதான். போன ஞாயிறு செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷனில் ஒரு ஏட்டையா பழைய நோட்டைப் புரட்டினார். "முத்துமாரின்னு பச்சையா?" என்று அவரே கேட்டார்.

மார்ச் இரண்டாம் தேதி காலை, பிளாட்பாரத்துக் கடைசி பெஞ்சில். எழுபது வயது மதிக்கத்தக்க ஆண். காயம் எதுவும் இல்லை. போட்டோவைக் காட்டினார். அப்பாதான். முதல் நாள் முழுக்க அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாராம். டீக்கடைக்காரர் கேட்டதற்கு, "மவ கூப்பிட வருவா" என்று சொல்லியிருக்கிறார். யாரும் கேட்டு வராததால் ஆறாம் தேதி நகராட்சி அடக்கம் செய்துவிட்டது. உங்கள் அறிவிப்பு எட்டாம் தேதி.

அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு மின்சார ரயிலில் முக்கால் மணி நேரம். மார்ச் ஒன்றாம் தேதி சனிக்கிழமை. நான் வீட்டில்தான் இருந்தேன். துணி துவைத்தேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது. அவர் சட்டைப் பையில் டிக்கெட் இருந்தது. கோவில்பட்டியிலிருந்து தாம்பரம். நான் தாம்பரத்தில் இருப்பது அப்பாவுக்குத் தெரியாது. மதினிக்கும் தெரியாது. நான் எழுதியதெல்லாம் உங்கள் ஆபீசுக்குத்தான்.

அப்பாவுக்குத் தாம்பரம் என்று யார் சொன்னது?

செல்வி


கோவில்பட்டி,
12.1.2009

செல்விக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஊருக்குப் போய்ச் சொந்தக்காரர்களிடம் சொன்னேன். உடம்பு இல்லாமல், செய்ய வேண்டியதைச் செய்தோம். மொட்டை போட்டுக்கொண்டேன். எல்லாரும் துக்கம் கேட்டார்கள். யாருக்கும் நான் சொல்லாத ஒன்றை உனக்கு எழுதுகிறேன்.

அன்று அவர் வீட்டிலிருந்து காணாமல் போகவில்லை. மதினி ரேஷன் கடையிலிருந்து வருவதற்குள் நடந்து என் ஆபீசுக்கு வந்துவிட்டார். மூன்று நிலையத்துக்கும் பில் அன்றே போக வேண்டும். மத்தியானம் கரண்ட் போய், போட்டதெல்லாம் அழிந்து, மறுபடி முதலிலிருந்து போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா வாசலில் நின்று, "ஏலே கடற்கர, அந்தப் பிள்ள எங்கனல இருக்கா? சொல்லு, நா போயிப் பாத்துட்டு வாரேன்" என்றார். வீட்டுக்குப் போங்கள் என்றேன். போகவில்லை. மறுபடி கேட்டார். இசக்கிசெல்வி டீ வாங்கிக் கொடுத்தாள். குடித்துவிட்டு மறுபடி கேட்டார். பத்துத் தடவை இருக்கும்.

நான் எழுந்துபோய், "தாம்பரத்துல இருக்கா. தாம்பரம். போறதுன்னா போங்க, என்னிய வேல பாக்க விடுங்க" என்று கத்தினேன். சட்டைப் பையிலிருந்து இருநூறு ரூபாயை எடுத்து அவர் கையில் திணித்தேன். அவர் அதை மடித்து வைத்துக்கொண்டு, "தாம்பரம், தாம்பரம்" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினார். நான் திரும்பி வந்து பில் போட்டேன். அன்றைக்கு எல்லா பில்லும் சரியாகப் போய்விட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. அதுதான் பெரியது. அவர் தாம்பரத்துக்குப் போயிருக்கலாம் என்று எனக்கு அன்று ராத்திரியே தெரியும். அவரால் டிக்கெட் வாங்க முடியாது, வழியிலேயே ஆடு பார்த்து இறங்கிவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வடக்கே தேட வேண்டுமென்றால் உனக்குச் சொல்ல வேண்டும். உனக்குச் சொன்னால் யார் அனுப்பியது என்று நீ கேட்பாய். அதனால் தெற்கிலேயே தேடினேன். ஆறு மாதம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை, அவர் இல்லாத ஊர்களைப் பார்த்து அவரைக் கேட்டேன். அன்று ராத்திரி உனக்கு ஒரு போன் செய்திருந்தால் மறுநாள் நீ அந்த பெஞ்சுக்குப் போயிருப்பாய்.

மதினியிடம் நேற்றுச் சொன்னேன். அவள் என்னோடு பேசவில்லை.

நீ எழுதாவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டேன். ஆபீசைப் பூட்டிவிட்டார்கள், வீட்டு முகவரிக்குத்தான் எழுத வேண்டியிருக்கும். கழுகுமலையில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

கடற்கரை


தாம்பரம்,
16.3.2009

அண்ணனுக்கு,

மதினிக்கு என் வணக்கம்.

உங்கள் மேல் தப்பில்லை என்று எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. உங்கள் மேல்தான் தப்பு என்று எழுதவும் உட்கார்ந்தேன். அதுவும் முடியவில்லை. ஏழு வருஷத்தில் ஒரு தடவையாவது நான் வந்து அவர் வாசலில் நின்று, திட்டு வாங்கிவிட்டாவது போயிருக்கலாம்.

செங்கல்பட்டு மயானத்துக்குப் போனேன். அந்த வரிசையில் மறுபடியும் குழி வெட்டிவிட்டார்களாம். எது என்று காவல்காரருக்குத் தெரியவில்லை. இந்தப் பக்கமாக இருக்கலாம் என்று ஓர் இடத்தைக் காட்டினார். அங்கே நின்றுவிட்டு வந்தேன்.

மதுரையில் உங்கள் பழைய கம்பெனிக்கு ஒரு நாள் வேலை இருந்தது. புது சாஃப்ட்வேர் நன்றாக ஓடுகிறது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கோவில்பட்டிக்கு வந்தேன். இதை உங்களிடம் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இனி எதையும் மறைக்க வேண்டாம் என்று தோன்றுகிறது.

தெருமுனை வரை வந்தேன். நீங்கள் வாசலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தண்ணீர்க் குடத்தை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தீர்கள். முதலில் அப்பா என்றே நினைத்துவிட்டேன். வாயைத் திறந்து கூப்பிடப் போனேன். பிறகு நீங்கள் என்று தெரிந்ததும் கூப்பிட முடியவில்லை. பால்கடைப் பக்கமாக ஒதுங்கிக் கொஞ்ச நேரம் நின்றேன். மதினி வெளியே வந்து, ஒன்றும் பேசாமல் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நீங்கள் தெருவைப் பார்த்துத் திரும்பினீர்கள். நான் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துவிட்டேன்.

மறுபடி வருவேனா என்று தெரியவில்லை. வருவேன் என்று எழுதினால் நீங்கள் தினமும் தெருவைப் பார்ப்பீர்கள். அதனால் எழுதவில்லை.

தலை முழுக்க வெள்ளையாக முளைத்திருக்கிறது உங்களுக்கு. ரொம்ப இளைத்துவிட்டீர்கள். கழுகுமலை பஸ்ஸுக்கு ஓடாமல், வேளைக்குச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

முத்துசெல்வி